உம்மாவின் சுண்டில் எத்தனை கிராம்?



முதலில் ஒரு மன்னிப்பு. போன மாதம் எங்கள் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் பூப்போட்ட ஒரு படம் சுற்றியது பலருக்கு ஞாபகம் இருக்கும். "1 கோப்பை 250 கிராம், அரைக் கோப்பை 125 கிராம், கால் கோப்பை 62 கிராம்" என்று ஒரு அட்டவணை. அதைக் குழுவில் முதலில் போட்டது நாங்கள்தான். எங்கிருந்தோ வந்தது, பார்க்க ஒழுங்காக இருந்தது, சமைக்கிறவர்களுக்கு உதவும் என்று தட்டிவிட்டோம். பத்து விநாடி யோசித்துப் பார்க்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து ஒழுங்கையில் ஒரு சகோதரி இருக்கிறார். எங்களுக்கு மூத்தவர், தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். 2022இல் கணவரின் வேலை போன பிறகு வீட்டிலேயே கேக், ரோல்ஸ், வட்டிலப்பம் செய்து கொடுத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். அவருக்கு ஒரு நிக்காஹ் வீட்டிலிருந்து பட்டர் கேக் ஓடர் வந்தது. அவருடைய கணக்கு கோப்பையில்: மா இரண்டு, சீனி ஒன்று, பட்டர் ஒன்று, முட்டை நான்கு. இந்த முறை அதில் நான்கு மடங்கு வேண்டும். எட்டுக் கோப்பை மா அள்ளி எண்ணிக்கொண்டிருப்பதை விட, கடையில் கிலோக் கணக்கில் வாங்கி அப்படியே கொட்டினால் லேசு என்று நினைத்திருக்கிறார். நாங்கள் போட்ட படத்தைப் பார்த்து மா இரண்டு கிலோ, சீனி ஒரு கிலோ, பட்டர் ஒரு கிலோ, பதினாறு முட்டை.

கலவை இறுகி வந்தபோது பாலை ஊற்றி இளக்கப் பார்த்தாராம். வெந்து வந்ததைக் கத்தியால் வெட்ட முடியவில்லை. "டீச்சர், நீங்க போட்ட கணக்குலதான் செஞ்சேன். கல்லு மாதிரி ஈக்குது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு டீச்சர் போட்ட கணக்கு பிழைக்காது என்ற நம்பிக்கையில், தன் கைதான் பிழைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு சொன்னார். பட்டருக்கும் முட்டைக்குமாவது காசு கொடுக்கப் போனோம். வாங்கவில்லை.

அந்தக் கணக்கு எங்கே பிழைத்தது? பட்டர் ஏறக்குறைய சரி. 250 மில்லிலீற்றர் கோப்பை ஒன்றில் பட்டர் 240 கிராம் அளவு நிற்கும். சீனி கொஞ்சம் கூடிவிட்டது, அதே கோப்பையில் சீனி 210 கிராம் அளவுதான். மாவில்தான் எல்லாம் போயிற்று. அந்தக் கோப்பையில் கரண்டியால் மெதுவாக அள்ளிப் போட்ட கோதுமை மா 125 கிராம் சுற்றித்தான் வரும். எட்டுக் கோப்பைக்கு ஒரு கிலோ. அவர் போட்டது இரண்டு கிலோ. மற்றச் சாமான் எல்லாம் ஒரு கேக்குக்கு, மா மட்டும் இரண்டு கேக்குக்கு.

250 மில்லிலீற்றரில் 250 கிராம் நிற்பது தண்ணீருக்கு. பாலுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். யாரோ ஒருவர் தண்ணீரின் கணக்கை எடுத்து எல்லாச் சாமானுக்கும் எழுதிவிட்டார், நாங்கள் அதை ஊருக்கெல்லாம் பரப்பிவிட்டோம். இதில் எங்களுக்குக் கூடுதல் வெட்கம் என்னவென்றால், அடர்த்தி என்றால் திணிவைக் கனவளவால் பிரிப்பது என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் கொடுக்கிறவர்கள் நாங்கள். பிள்ளைகள் அதைத் தூக்கத்திலும் சொல்வார்கள். இரும்புக் குற்றி, மரக்குற்றி, மண்ணெண்ணெய் என்று கணக்குப் போடுவார்கள். கோதுமை மா என்று ஒரு கணக்கு வினாத்தாளில் வந்ததாக எங்களுக்கு ஞாபகம் இல்லை. பாடம் வகுப்பிலேயே நின்றுவிடுகிறது, குசினி வரைக்கும் நடந்து வருவதில்லை.

அதனால் அடுத்த வாரம் வெள்ளவத்தையில் நாங்கள் படிப்பிக்கும் வகுப்பில் பிள்ளைகளிடம் சொன்னோம்: உங்கள் வீட்டில் அளக்கிற பாத்திரம் எதுவோ, அதை உம்மாவிடம், அம்மாவிடம் கேட்டு ஒரு நாளைக்கு மட்டும் கொண்டு வாருங்கள். வந்தவை ஒரு மேசை நிறைய. தேநீர்க் கோப்பை, பிடி உடைந்த மக், ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கோப்பை, பழைய பால் டின், ஜாம் போத்தல், யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவரின் பித்தளைச் சுண்டு. எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றி அளந்தோம். ஆகச் சின்னது 150 மில்லிலீற்றர், ஆகப் பெரியது 320. ஒன்று மற்றதை விட இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அத்தனை வீட்டிலும் அதற்குப் பெயர் "ஒரு கோப்பை"தான்.

யூடியூப் பார்த்துச் சமைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக்காரி சொல்லும் கப் 237 மில்லிலீற்றர் அளவு. அவுஸ்திரேலியாவில் 250. ஜப்பானியச் சமையல் புத்தகத்தில் 200. அரைப் பைந்து என்று கணக்குப் பார்த்த பழைய ஆங்கிலக் கோப்பை 284. எங்கள் எல்லார் வீட்டிலும் கிடக்கும் ரைஸ் குக்கர்க் கோப்பை 180, அது ஜப்பானியரின் பழைய அரிசி அளவு. மெல்பேர்னில் இருக்கும் மச்சி "மேசைக்கரண்டி" என்று எழுதினால் அது 20 மில்லிலீற்றர், மற்ற நாட்டுப் புத்தகங்களில் 15. அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் என்ற சமையல் ஆசிரியை 1896இல் பொஸ்டனில் வெளியிட்ட புத்தகத்தில், கோப்பையையும் கரண்டியையும் மட்டமாகத் தட்டி அளக்க வேண்டும் என்று கட்டாயமாகச் சொன்னார். அந்த நாட்டவர் இன்னும் கோப்பையிலேயே நிற்பதற்கு அந்தப் புத்தகமும் ஒரு காரணம். அவர்களுக்கு அது சரிவரும், ஏனென்றால் அங்கே எல்லார் வீட்டுக் கோப்பையும் ஒரே அளவு. எங்கள் வீட்டில் அப்படியா?

பிறகு அந்தப் பால் டின்னை மட்டும் எடுத்தோம். தண்ணீர் ஊற்றினால் 300 கிராம் அளவு பிடித்தது. அதே டின்னில் மட்டம் தட்டிய சம்பா அரிசி 255 கிராம். பருப்பு 250. ரவை 210. தேங்காய் எண்ணெய் 275. துருவிய தேங்காய்ப்பூ, அமர்த்தாமல் போட்டபோது 105, ஒரு பிள்ளை கையால் அமர்த்தியபோது 160. கோதுமை மா கரண்டியால் போட்டபோது 145. டின்னையே மாப் பைக்குள் விட்டு அள்ளி, இரண்டு தட்டுத் தட்டியபோது 185. ஒரே பிள்ளை, ஒரே மா, ஒரே டின். நாற்பது கிராம் வித்தியாசம் கையில் இருந்தது.

அந்த டின்னைப் பற்றி இன்னொரு விசயம். "397 கிராம் டின்" என்று அதைச் சொல்வார்கள். அது முந்தி 14 அவுன்ஸ் என்று இருந்தது. ஒரு பிள்ளை எழுந்து, "அப்படியென்றால் அரிசியும் 397 கிராம் பிடிக்கும்தானே டீச்சர்?" என்று கேட்டது. 397 என்பது உள்ளே இருந்த கெட்டிப் பாலின் பாரம். பால் போய் அரிசி வந்தால் பாரமும் மாறிவிடும். சிரித்த பிள்ளைகளைச் சிரிக்க வேண்டாம் என்று சொன்னோம். நாங்கள் செய்ததும் அதே பிழைதானே. இப்போது கடையில் இருக்கும் டின்கள் எல்லாம் ஒரே அளவும் இல்லை. "ஒரு பால் டின் அரிசி" என்று இனிச் சொல்கிறவர்கள் எந்த வருடத்து டின் என்றும் சொல்ல வேண்டி வரும்.

எங்கள் பெரியவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. அவர்களுக்குச் சுண்டு இருந்தது, நாலு சுண்டு ஒரு கொத்து. கொத்து அரிசி என்றால் இரண்டு இறாத்தல் அளவு என்று வீட்டுக்கும் தெரியும், கடைக்கும் தெரியும், அரசாங்கத்துக்கும் தெரியும். கூப்பன் அரிசியே கொத்துக் கணக்கில்தான் வந்தது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோதுதான் ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் நின்றது, அந்த வருடமே பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1970 தேர்தலில் சிறிமாவோ அம்மையாரின் கூட்டணி இரண்டு கொத்து அரிசி தருவதாக வாக்குறுதி கொடுத்தது. சந்திரனிலிருந்தாவது கொண்டு வருவோம் என்ற பேச்சை எங்கள் வாப்பாமார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆட்சிகளை மாற்றிய ஒரு பாத்திரம் அது. எழுபதுகளில் மெட்ரிக் வந்தது. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெரு கிலோவுக்கு மாறியது, காலி வீதிக் கடைகளும் மாறின. குசினி மட்டும் மாறவில்லை. கடையில் கிலோவில் வாங்கி வீட்டில் சுண்டில் போடுகிறோம், நடுவில் மாற்றுக் கணக்கு யாரும் எழுதி வைக்கவில்லை.

எங்கள் வீட்டிலேயே அதற்கான தண்டனை இருக்கிறது. எங்கள் உம்மம்மா மௌத்தாகிப் பன்னிரண்டு வருடம். அவர் அரபுத்தமிழில் எழுதி வைத்த ஒரு கொப்பி எங்களிடம் இருக்கிறது. பெருநாளைக்கு அவர் செய்யும் பணியாரங்கள் எல்லாம் அதில் உண்டு. ஹஸரத் ஒருவரிடம் கொடுத்து வாசித்து, எழுத்துக்கு எழுத்து தமிழில் எழுதியும் எடுத்துவிட்டோம். "அரிசி மா ரெண்டு சுண்டு, சீனி முக்கால் சுண்டு, தேங்காய்ப்பால் பச்சைக் கோப்பையால் ஒண்டு" என்று இருக்கிறது. சுண்டை வீடு மாறும்போது போத்தல் பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டோம். பச்சைக் கோப்பை எப்போதோ உடைந்துவிட்டது. அந்த மா வீட்டில் இடித்த மா. ஈரமாகச் சலித்துப் போடுவாரா, வறுத்துப் போடுவாரா என்றும் கொப்பி சொல்லவில்லை. ஈர மாவென்றால் பாரத்தில் ஒரு பங்கு தண்ணீர், ஆகவே தராசுகூட அதில் முழு உண்மையைச் சொல்லாது. சாச்சியும் உம்மாவும் ஐந்து தரம் செய்து பார்த்துவிட்டார்கள். ஒவ்வொரு தரமும் "இது இல்ல" என்கிறார்கள். எது என்று சொல்ல அவர்களுக்கும் தெரியவில்லை. கொப்பியில் எழுத்து இருக்கிறது, அளவு இல்லை.

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். ஒவ்வொரு ரமழானின் கடைசிப் பத்திலும் எங்கள் குழுக்களில் வரும் சண்டை ஒன்று இருக்கிறது. பித்ரா அரிசி எத்தனை கிலோ? ஒரு பள்ளியில் இரண்டரைக் கிலோப் பை கட்டுகிறார்கள், இன்னொரு ஜமாஅத் மூன்று கிலோ என்கிறது, வெளிநாட்டிலிருந்து ஒருவர் இரண்டு கிலோவும் சொச்சமும் போதும் என்று வீடியோ அனுப்புகிறார். உடனே "அவங்கட பித்ரா செல்லாது" என்று ஒரு கூட்டம். பத்வா கொடுப்பது எங்கள் வேலை இல்லை, அது உலமாக்களின் வேலை. உங்கள் பள்ளியில் என்ன சொல்கிறார்களோ அதைக் கொடுங்கள். நாங்கள் சொல்ல வருவது, இந்தச் சண்டையின் அடியில் கிடப்பதும் அந்தத் தாத்தாவின் கேக்கில் நடந்த அதே விசயம்தான் என்று.

ஸகாத்துல் பித்ர் ஒரு ஸாஉ. ஸாஉ என்பது பாத்திர அளவு. நாலு முத்து ஒரு ஸாஉ, ஒரு முத்து என்பது நடுத்தரமான ஒரு ஆணின் இரண்டு கையும் சேர்த்து அள்ளும் அளவு. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பேரீச்சம்பழத்தில் ஒரு ஸாஉ, வாற்கோதுமையில் ஒரு ஸாஉ, உலர்ந்த திராட்சையில் ஒரு ஸாஉ, பாலாடைக் கட்டியில் ஒரு ஸாஉ கொடுத்ததாக அபூ ஸயீத் அல் குத்ரீ (ரழி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. இந்த நாலையும் ஒரே பாத்திரத்தில் போட்டு நிறுத்தால் நாலும் ஒரே பாரம் வராது. அப்படியிருக்க, "ஸாஉ என்றால் இத்தனை கிலோ" என்று ஒரே இலக்கத்தை எல்லாத் தானியத்துக்கும் எப்படி எழுதுவது? நிறுவைக்கு மக்காவாசிகளின் நிறுவை, முகத்தலளவைக்கு மதீனாவாசிகளின் அளவை என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸும் உண்டு. மக்கா வியாபார ஊர், தங்கமும் வெள்ளியும் நிறுக்கிற ஊர். மதீனா தோட்ட ஊர், பழமும் தானியமும் அளக்கிற ஊர். இரண்டு அளவையும் இரண்டு வேலைக்கு என்று அந்தக் காலத்திலேயே தெளிவாக இருந்திருக்கிறது.

இமாம் அபூ ஹனீபாவின் மாணவர் அபூ யூசுப், ஹிஜ்ரி 182இல் மௌத்தானவர். ஈராக்கில் ஸாஉ எட்டு றாத்தல் என்றுதான் அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். மதீனாவுக்கு வந்தபோது ஸாஉ பற்றி விசாரித்திருக்கிறார். அடுத்த நாள் முஹாஜிர்கள், அன்ஸார்களின் பிள்ளைகளில் ஏறக்குறைய ஐம்பது பெரியவர்கள், ஒவ்வொருவரும் தன் மேலாடைக்குள் ஒரு ஸாஉப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு வந்தார்களாம். இது என் வாப்பாவிடமிருந்து வந்தது, இது என் குடும்பத்தாரிடமிருந்து வந்தது, நபியவர்களின் ஸாஉ இதுதான் என்று. எல்லாம் ஒரே அளவு. அவர் அதைச் சோதித்துப் பார்த்தார், பக்தாத் றாத்தலில் ஐந்தும் மூன்றில் ஒன்றும், அதிலும் சொற்பம் குறைவாக இருந்தது. தன் பெரிய உஸ்தாதின் கருத்தை அந்த விசயத்தில் விட்டுவிட்டார். இந்தச் செய்தியை வாசிக்கும் போதெல்லாம் எங்களுக்கு உம்மம்மாவின் சுண்டுதான் ஞாபகம் வரும். அந்த ஐம்பது வீட்டாரும் பாத்திரத்தைப் போத்தல்காரருக்குப் போடவில்லை.

நாங்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்), ஹிஜ்ரி 676இல் மௌத்தானவர், இதை இன்னும் நேராகவே சொல்லியிருக்கிறார். ஸாஉவை றாத்தலில் கட்டிப்போடுவது சிக்கலானது, ஏனென்றால் உள்ளே போடும் பொருளைப் பொறுத்து, சோளம், கடலை என்று, பாரம் மாறும். ஆகவே நபியவர்களின் ஸாஉவோடு ஒத்துப் பார்த்த பாத்திரத்தைத்தான் நம்ப வேண்டும், அது கிடைக்காதவர் குறையவில்லை என்று உறுதியாகத் தெரியும் அளவைக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய கருத்தின் சாரம். எழுநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் வாட்ஸ்அப்பில் பூப்போட்டு அனுப்பிய படத்தை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

நம் காலத்தில் ஷைக் இப்னு உஸைமீன் அவர்கள் நல்ல கோதுமைக்கு 2 கிலோ 40 கிராம் என்றார். சவூதியின் நிரந்தர பத்வாக் குழு ஏறக்குறைய மூன்று கிலோ என்றது. வித்தியாசத்தில் ஒரு பங்கு பழைய முத்தும் திர்ஹமும் எவ்வளவு என்று கணிப்பதில் வருகிறது, இன்னொரு பங்கு உள்ளே என்ன போட்டு நிறுத்தார்கள் என்பதில் வருகிறது, மூன்றாவது பங்கு பேணுதலுக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொன்னதில் வருகிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. சிறிய சம்பா பாத்திரத்தில் நெருங்கி நிற்கும், நீளமான பாசுமதி இடைவெளி விட்டு நிற்கும், ஒரே பாத்திரத்தில் இரண்டையும் போட்டு நிறுத்துப் பாருங்கள். அதைச் செய்து பார்த்த பிறகு, அடுத்த பள்ளியின் பித்ரா செல்லாது என்று எழுதக் கை வந்தால் எழுதுங்கள்.

சரி, குசினிக்குத் திரும்புவோம். இதைச் சொன்னால் மாமிமார் ஒரு கேள்வி கேட்பார்கள், நியாயமான கேள்வி. "எங்கட உம்மாமார் தராசு வெச்சா சமைச்சாங்க? கைப்பக்குவம் எண்டு ஒண்டு ஈக்குதில்லையா?" இருக்கிறது மாமி. கறிக்கு, சம்பலுக்கு, நோன்புக் கஞ்சிக்குத் தராசு தேவையே இல்லை. பள்ளியில் இருநூறு பேருக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர் வாளிக் கணக்கில் தண்ணீரும் டின் கணக்கில் அரிசியும் போடுகிறார், முப்பது நாளும் ஒரே பதம். ஒரே பாத்திரத்தால் எல்லாவற்றையும் அளந்தால் பாத்திரம் எவ்வளவு என்பது முக்கியமே இல்லை. சோற்றுக்கு ஒன்றுக்கு இரண்டு என்று தண்ணீர் வைப்பதும் அப்படித்தான். கோப்பையைக் கேவலமாகப் பேச நாங்கள் வரவில்லை. கோப்பைக் கணக்கில் பாதி, கிராம் கணக்கில் பாதி என்று கலக்கும்போதுதான் வினை. ஒரு வீட்டுக் கணக்கு இன்னொரு வீட்டுக்குப் போகும்போதும், ஒன்றை நான்கு மடங்காக்கும்போதும், ஒரு கேக்குக்கு எத்தனை ரூபா செலவு என்று பார்க்கும்போதும்தான் கிராம் வேண்டும். ஓடர் எடுக்கும் சகோதரிகள் கடைசியாகச் சொன்னதை யோசியுங்கள். கடை உங்களுக்கு கிராமில் விற்கிறது. நீங்கள் கோப்பையில் போட்டால் எவ்வளவு காசு அந்தக் கேக்குக்குள் போனது என்று உங்களுக்கே தெரியாது. தேங்காய் ஒன்று இருநூறு ரூபாவைத் தாண்டிய நாட்களிலும் பழைய விலைக்கே வட்டிலப்பம் கொடுத்து, மாதக் கடைசியில் கையில் ஏன் ஒன்றும் மிஞ்சவில்லை என்று கேட்டவர்களை எங்களுக்குத் தெரியும்.

இணையத்தில் கிடைக்கும் எந்த அட்டவணையையும், நல்ல அட்டவணையாக இருந்தாலும், உங்கள் கோப்பைக்கு அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் கோப்பையை நீங்களே ஒரு தடவை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் வாங்கிய சின்ன டிஜிட்டல் தராசு 1,800 ரூபா. அது சரியா என்று பார்க்க, உடைக்காத 400 கிராம் பால்மாப் பக்கற்றை வையுங்கள், உறையின் பாரமும் சேர்ந்து 400க்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். வெறும் பாத்திரத்தை வைத்துப் பூச்சியமாக்கி, வழமையாக எப்படி அள்ளுவீர்களோ அப்படியே அள்ளிப் போடுங்கள், தராசுக்காகக் கையை மாற்ற வேண்டாம். மூன்று தரம் செய்து நடுவில் வரும் இலக்கத்தை எழுதுங்கள். மாவுக்கு ஒன்று, சீனிக்கு ஒன்று, ரவைக்கு ஒன்று, அரிசி மா வறுத்ததென்றால் அதற்குத் தனி, ஈரமென்றால் தனி. உப்பு, பேக்கிங் பவுடர், ஏலக்காய்த் தூள் போன்றவற்றைக் கரண்டியிலேயே விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று கிராமை இந்த மலிவுத் தராசுகள் ஒழுங்காகக் காட்டாது.

உம்மா, உம்மம்மா உயிரோடு இருக்கிற வீடுகளுக்கு ஒரு வேலை கூடுதலாக இருக்கிறது. அவர்களை அளக்கச் சொல்லாதீர்கள், அளவு கேட்டால் "கண் அளவுதான் மக" என்பார்கள். அவர்கள் சமைக்கும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். சட்டிக்குள் போடுவதற்கு முந்தி அவர்கள் கையில் எடுத்ததைத் தராசில் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். மாப் பையையும் கருப்பட்டியையும் சமையலுக்கு முந்தியும் பிந்தியும் நிறுத்தாலும் போதும், போனது எவ்வளவு என்று வந்துவிடும், அவர்களுக்கும் தொந்தரவு இல்லை. கோப்பையைப் படம் எடுத்து, அது எத்தனை மில்லிலீற்றர் பிடிக்கும் என்றும் எழுதுங்கள். முட்டையை எண்ணிக்கையோடு நிறுத்தும் வையுங்கள், இப்போது வரும் முட்டைகள் ஒன்று போல் ஒன்று இல்லை.

அந்தத் தாத்தாவின் கணக்கை அவருடைய கோப்பையாலேயே நிறுத்து எடுத்துவிட்டோம். அவருடைய கோப்பையில் அவருடைய கையால் மா 132 கிராம், சீனி 205, பட்டர் 235. போன வெள்ளிக்கிழமை அதே கணக்கில் மூன்று மடங்கு ஒரு ஓடர் கொடுத்தார். ஒரு துண்டு எங்கள் வீட்டுக்கும் வந்தது.

பழைய படத்தைத் தயவுசெய்து உங்கள் போன்களிலிருந்து அழித்துவிடுங்கள், யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு தராசோடு எங்கள் வீட்டில் இருப்போம். பெண்கள் யாரும் வரலாம், மற்ற வீட்டு அம்மாமாரும் வாருங்கள். உங்கள் கோப்பையைக் கொண்டு வாருங்கள், மாவும் சீனியும் எங்களிடம் இருக்கிறது. வெள்ளவத்தையில் இருக்கிறவர்கள் பிள்ளைகளிடம் கோப்பையைக் கொடுத்து அனுப்பினால் பாடசாலையில் நிறுத்து, இலக்கத்தை அதன் அடியில் ஒட்டி அனுப்புவோம். கோப்பையில் பெயர் எழுத மறக்க வேண்டாம், போன முறை இரண்டு மாறிப் போய்விட்டது.